சம்மனசுத்திட்டில் உறை நாள்

சம்மனசுத்திட்டின் ஊர்க்கமிட்டி சலேத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான் இருந்தது. அவள் எங்கேயும் போகமாட்டாள்.

கமிட்டி இதை அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், சிலர் திரும்பமாட்டார்கள். கடலுக்குப் போகாதவர்கள் துபாய்க்குப் போவார்கள். குமரிகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தாக வேண்டும். கிழடுகள் ஏற்கெனவே பயணத்துக்குத் தயாராக இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் கைவைக்கச் சட்டம் விடாது. எல்லாரையும் கழித்த பிறகு மிச்சம் நின்றவள் சலேத் மேரி. இருபத்து நான்கு வயது. புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம். பிள்ளை இல்லை. நோய் நொடி இல்லை.

"அவ எங்க போவப்போறா" என்றார் தலைவர் கித்தேரியான். கூட்டம் முடிந்தது.

சம்மனசுத்திட்டு ஒரு காலத்தில் திட்டாக இருக்கவில்லை. தார்ரோடும் டவுன்பஸ்ஸும் உள்ள சாதாரணக் கடற்கரை ஊர்தான். கடல் உள்ளே வந்தபோது முதலில் ரோட்டைத் தின்றது, அப்புறம் மின்கம்பங்களை ஒவ்வொன்றாகத் தின்றது, கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரை வந்து என்னவோ யோசித்து நின்றுவிட்டது. அரசாங்கம் ஊரைக் காலிசெய்யச் சொல்லிப் படகில் ஒலிபெருக்கி கட்டி வந்து கேட்டுக்கொண்டது. ஊர் கரையில் கூடி நின்று அந்தப் படகை ரசித்துப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கப் போயிற்று. பிறகு சோலார் தகடுகள் வந்தன. பகலில் வரும் கரண்டைச் சேர்த்துவைக்க பேட்டரிகள் வந்தன. உப்புக்காற்று அவற்றைப் பச்சை பூக்கவைத்தது. புதிது வாங்கினார்கள், அதுவும் பூத்தது. கடைசியில் எங்கள் கம்பெனி உயிர்ப்பேட்டரியோடு வந்தது.

நான் கோமதிநாயகம், டிப்ளமோ. கம்பெனியில் என் வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் 'பேட்டரிக்குச் சோறு வைக்கிற தம்பி' என்பார்கள். ஊர் சொல்வதுதான் சரி. பழைய பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில், இரும்பு அடுக்குகளில் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தவிட்டு நிறத்தில் ஜெல்லி. தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். மாதம் ஒருமுறை படகில் போய் ஜாடிகளைத் துடைத்து, கருப்பட்டிக் கரைசல் ஊற்றி, எது சோர்ந்திருக்கிறது எது தெம்பாக இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வரவேண்டும். அன்றைக்குத்தான் உறை நாளும்.

என்னையும் கருப்பட்டி மூட்டைகளையும் ஏற்றிப்போகும் படகு இன்னாசி அண்ணனுடையது. அக்கரைக்காரர், முப்பது வயது இருக்கும், தனிக்கட்டை. முதல் பயணத்திலேயே கேட்டார்.

"கரண்டுக்கு எதுக்கு தம்பி ரத்தம்?"

"ரத்தம் இல்லண்ணே. ரத்தத்துல செவப்ப எடுத்துட்டா ஒரு மஞ்சத் தண்ணி மிஞ்சும், அதுதான். வீட்டுல பாலுக்கு உறை ஊத்துவாங்கல்லா, அது மாதிரி. அது போனாத்தான் ஜெல்லி உசுரோட கெடக்கும்."

"யாரு உறைன்னாலும் ஆகுமா?"

"ஆகாது. மொதல்ல யாரு ஒடம்புல இருந்து எடுத்து வளத்தமோ, கடைசி வரைக்கும் அவங்க உறைதான். வேற ஆளுதப் போட்டா மறுநாளே திரிஞ்சு போகும்."

இன்னாசி அண்ணன் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார். "அப்ப அந்த ரூம்ல அடுக்கிவச்சிருக்கது அந்தப் பிள்ளையத்தான்."

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. வெறும் செல்லு."

"எனக்கு அப்படித்தான் தம்பி சொல்லத் தெரியுது" என்றார்.

முதல் வருஷம் சலேத்துக்கே இந்த வேலை பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் பின்வாசலில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தவளை இப்போது முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் கை கொடுத்த கரண்டில் ஐஸ் மிஷின் ஓடியது. ஐஸ் இருந்ததால் வியாபாரி சொன்ன விலைக்கு மீனைத் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அவளைக் கடந்து போகும்போது சிலுவை போட்டுக்கொண்டன. தேர் இழுக்கும்போது வடத்தின் முதல் பிடி அவளுக்கு. பாரைமீன் தலை அவள் வீட்டுக்குத்தான் போகும்.

இரண்டாம் வருஷம் மரியாதை கூடியது. அவள் அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் கமிட்டி கூடிப் பேசியது. படகு கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். மழையில் நனையவேண்டாம் என்றார்கள். அவளுக்கு ஒருமுறை சளி பிடித்தபோது கோயிலில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் வைத்தார்கள்.

"நேத்து கிணத்துல தண்ணி எறச்சிட்டு நின்னேன்" என்றாள் என்னிடம், கையில் ஊசியோடு. "ரெண்டு பேரு ஓடிவந்து என்னப் புடிச்சிக்கிட்டாவ. உள்ள விழுந்துருவனாம். எட்டு வயசுல இருந்து அந்தக் கிணத்துல எறைக்கேன்."

"உங்க மேல பாசம்க்கா."

"ஆமா. ஆட்டுக்கு இப்படித்தான் வெட்டுற நாளு வரைக்கும் தழ பறிச்சுப் போடுவாவ."

மூட்டைகளை இறக்கிவைக்க ஐந்து நிமிஷம் போதும். இன்னாசி அண்ணன் அதை ஒரு மணிநேர வேலையாக வளர்த்தெடுத்தார். மூட்டையைக் கொண்டுவந்து வைப்பார், வைத்த இடம் சரியில்லை என்று நகர்த்துவார், பழைய இடமே தேவலை என்று திரும்பக் கொண்டுபோவார். சலேத் ஊசியோடு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பாள். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மீட்டரில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை.

நான்காம் வருஷம் சலேத்துக்கும் இன்னாசி அண்ணனுக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சாமியார் வாசிப்பார். இவர்களுக்குள் விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். வழக்கமாக யாரும் எழமாட்டார்கள், பூசை முடிந்து வெளியே வந்துதான் சொல்வார்கள். அந்த முதல் ஞாயிறு கித்தேரியான் எழுந்தார்.

"விக்கினம் இருக்கு சாமி."

"என்ன விக்கினம்?"

"கரண்டு."

சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். ரத்த உறவு இருந்தது, முந்தின கல்யாணம் இருந்தது, துறவற வாக்கு இருந்தது. கரண்டு இல்லை. கித்தேரியான் பின்வரிசையில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நாயகம் தம்பி, கோயில்ல வச்சு கேக்கேன். பிள்ள உண்டானா உறை மாறுமா மாறாதா?"

"மாறும்" என்றேன். "ஒடம்புல ரெண்டு பேரு ஆயிருவாங்க. ஜெல்லிக்கு அடையாளம் தெரியாது. பெத்த பிறகும் பழையபடி ஆகாது."

"கேட்டியளா சாமி" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை எழுந்தது. பிறகு அடுத்த வரிசை. கடைசியில் கோயிலில் உட்கார்ந்திருந்தவள் சலேத் ஒருத்திதான். யாரும் கோபமாக இல்லை. நற்கருணைக்கு எழுவதுபோல் பணிவாகத்தான் எழுந்தார்கள்.

அடுத்த ஞாயிறு சாமியார் ஓலையை எங்கோ வைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் தங்கும் அறையின் மின்விசிறிக்கும் அதே ஜாடிகளிலிருந்துதான் கம்பி போகிறது.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஊர்தான் எதிர்பார்க்கவில்லை. ஊரின் கவனமெல்லாம் கிணற்றின்மேல் இருந்தது.

ஓர் உறை நாளில் அவள் ரத்தத்தின் ஒரு துளியை வழக்கம்போலச் சோதனைப் பெட்டியில் வைத்தேன். பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். திரும்பவும் சிவப்பு.

"பெட்டில கோளாறு" என்றேன்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எனக்குத் தள்ளிப்போயிருக்கு."

வெளியே வராந்தாவில் உறை முடிந்ததும் அவளுக்குக் கொடுக்க முட்டையும் பாலும் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலைச் சத்தம் கேட்டது.

"உறை இல்லாம எத்தன நாளு தாங்கும் தம்பி?"

"ரெண்டு மாசம் இழுக்கும். அப்புறம் ஒவ்வொரு ஜாடியா சோரும். கடைசியில மொத்தமா நின்னுரும்."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் கொட்டிட்டு வேற ஆளு உறையில மொதல்ல இருந்து வளக்கணும். ஒரு சீசன் முழுக்க இருட்டுதான்."

சலேத் எழுந்து ஒரு ஜாடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதன் சூடும் அவள் கையின் சூடும் ஒன்றுதான் என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஜன்னல் வழியே ஐஸ் மிஷினின் இரைச்சல் வந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டு மனிதர்கள், கூடப் படித்தவர்கள், அவள் கையிலிருந்து மிட்டாய் வாங்கித் தின்ற பிள்ளைகள் எல்லாரும் அந்த இரைச்சலில் பிழைக்கிறவர்கள்.

வெளியே போய் அவளுக்குக் காய்ச்சல், இந்த மாதம் உறை வேண்டாம் என்றேன். பெண்கள் ஒரு முட்டைக்கு இரண்டாகக் கொடுத்தார்கள். கித்தேரியானிடம் இது எடுபடவில்லை. அவர் ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். மறுநாள் நான் புறப்படும் முன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சலேத் ஜாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது மாசம் மக்களே?"

"ரெண்டு."

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒண்ணு கேக்கேன். இப்பவே இல்லன்னு ஆயிட்டா, உறை பழையபடி சேருமா?"

கம்பெனிக் கையேட்டில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. "அப்படி எதுவும் போடல தலைவரே" என்றேன்.

"போட்டிருக்கும்" என்றார். "நீரு நல்ல பிள்ள, அதான் சொல்லமாட்டேங்கீரு." பிறகு அவள் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, "அக்கரையில ஆசுபத்திரி இருக்கு. ஒடம்பு சொகமில்லன்னு போயிட்டு வந்துரு. ஊரு ஒரு வார்த்த கேக்காது. கேக்கவிடமாட்டேன்."

"மாமா, போன வருசம் கருவக் கலைக்கக் கூடாதுன்னு ஊர்வலம் போனோம். நீங்கதான் முன்னால கொடி புடிச்சிட்டுப் போனிய."

"கொடி ரொம்ப நாளா நான்தான் புடிக்கேன். எதுக்குன்னு கேட்டா புடிக்கேன்?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் அத்த பிலோமிக்குச் சக்கர நோயி ஊசி ஐசுலதான் கெடக்கு. எங்க வீட்டுல மட்டும்னு நெனைக்காத. ஐஸ் நின்னா மூணு படகுக்காரன் மறுவாரமே ஊரக் காலிபண்ணுவான். அவன் போனா மத்தவன். உன் மேல எங்களுக்குப் பிரியம் இல்லன்னு நெனச்சியாட்டி?"

"இருக்குன்னு தெரியும் மாமா. அதான் கஷ்டமா இருக்கு."

துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அவள் சொன்னாள். "ஒண்ணு செய்ங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கேளுங்க. எனக்குப் பதிலா ஒருத்தர், ஒரே ஒருத்தர், கைய நீட்டட்டும். கூட இருந்து எல்லாம் சொல்லிக்குடுக்கேன். சீசன் போனாலும் கரண்டு திரும்பி வந்துரும். யாரும் வரலன்னா நான் ஆசுபத்திரிக்குப் போறேன்."

அந்த ஞாயிறு நானும் தங்கினேன். கித்தேரியான் எழுந்து, காரணத்தைச் சொல்லாமல், சலேத்துக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்காக அடுத்த ஆள் யார் என்று கேட்டார். காரணத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கும் ரத்தம் பயமில்லை, திருக்கை முள் ஏறின காலோடு வலை இழுக்கிறவர்கள். மாதம் ஒரு ஊசி அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் நான்கு வருஷம் சலேத்தை அவர்கள்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளப்படுவது எப்படியிருக்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும். தாய்மார்கள் மகள்களின் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். ஆண்கள் கோயில் மூலையில் நின்ற தேரின் சக்கரத்தை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கித்தேரியான் தன் சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றினார். என்னைப் பார்த்தார். நான் ஆகாது என்று தலையை ஆட்டினேன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, பெட்டி ஏற்காது. சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சலேத் எழுந்தாள். "நான் ஆசுபத்திரிக்குப் போறேன் மாமா" என்றாள்.

கோயில் மூச்சு விட்டது. அது காதில் விழுந்தது.

மறுநாள் காலை ஊரே கரைக்கு வந்தது. நான்கு வருஷத்தில் முதல்முறையாகக் கமிட்டி கூடாமல் அவள் படகேறினாள். போர்வை கொடுத்தார்கள், அவித்த முட்டை கொடுத்தார்கள், கித்தேரியானின் பெஞ்சாதி பிலோமி அவள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். இன்னாசி அண்ணன் யாரையும் பார்க்காமல் இஞ்சினைக் கிளப்பினார். சலேத் திட்டு மறையும் வரை கை காட்டிக்கொண்டே இருந்தாள். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் காட்டினாள்.

சொன்னபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். கர்ப்பிணிகள் வரிசையில் நின்று பேர் பதிந்துகொண்டாள். அக்கரைக் கோயிலில், விக்கினம் சொல்ல ஆளில்லாமல், கல்யாணம் நடந்தது.

அடுத்த உறை நாளுக்கு வேறொரு படகில் போனேன். கரையில் நின்றவர்கள் தூரத்திலிருந்தே படகில் தெரிந்த தலைகளை எண்ணியிருக்க வேண்டும். நான் இறங்கும்போது பாதிப்பேர் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வீட்டு வாசலை யாரோ கூட்டியிருந்தார்கள்.

ஜாடிகள் சோர்ந்தன. கருப்பட்டி ஊற்றினால் குடிக்காமல் மேலேயே நின்றது. தவிட்டு நிறம் சாம்பலாகியது. விளக்குகள் மஞ்சளாகி, ஐஸ் மிஷின் நாளுக்கு ஒரு மணிநேரம், அரை மணிநேரம் என்று ஓடி நின்றது. பிலோமியின் மருந்தை மண்பானையில் ஈரமணல் போட்டு வைத்துப் பார்த்தார்கள். பிறகு கித்தேரியான் அவளை அக்கரையில் மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதல் மூன்று படகுகளும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே கிளம்பின.

கடைசி ஜாடி குளிர்ந்ததும் கம்பெனி உத்தரவு வந்தது. குழி தோண்டி, ஜெல்லியைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூடவேண்டும். நான் மண்வெட்டி கேட்டு நின்றேன்.

"குழியா?" என்றார் கித்தேரியான். "எதுல தம்பி? குப்பமேட்டுலயா?"

"செத்த செல்லு தலைவரே. வேற ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் குடுத்த ஒடம்புய்யா அது."

சாமியார் முடியாது என்றுதான் முதலில் சொன்னார். உயிரோடிருக்கிறவளுக்கு அடக்கப் பூசை கிடையாது. கித்தேரியான் அவரை வகுப்பறைக்குக் கூட்டிப்போய் ஒரு ஜாடியைக் கையில் கொடுத்தார். "அப்ப இது என்ன சாமி?" என்று கேட்டார். சாமியார் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு அங்கியை எடுத்துவரச் சொன்னார்.

சவப்பெட்டி செய்தார்கள். ஜெல்லி முழுவதும் அதில் அடங்கியது. நடுத்தர உயரமுள்ள ஒரு பெண்ணின் எடைதான் வந்தது என்றார்கள் தூக்கியவர்கள். சலேத்தின் முதல் புருஷன் ஆல்பர்ட்டின் உடல் கிடைக்காததால் அவன் சட்டையை வைத்து மூடிய கல்லறை ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் தோண்டினார்கள். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நடிப்பு ஒரு துளி இல்லை. சிலுவையில் எழுதுவதற்கு இறந்த தேதி வேண்டும் என்று கேட்டார்கள். கடைசி ஜாடி நின்ற தேதியைச் சொன்னேன்.

அந்த வாரமே அக்கரையில் சலேத்தைப் பார்க்கப் போனேன். மீன்கம்பெனிக்குப் பின்னால் வாடகை அறை. எட்டாம் மாதம், கீழே உட்கார்ந்தால் எழக் கஷ்டப்பட்டாள். மீன்கம்பெனிக் கரண்டில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதை அடிக்கடி அண்ணாந்து பார்த்தாள்.

"ஊர்ல கோவமா இருக்காவளா தம்பி?"

"கோவம் இல்லக்கா."

"எனக்குத் தெரியும். பிள்ளையப் பாத்தா எல்லாம் மறந்துருவாவ. ஞானஸ்நானம் அங்க வச்சுதான்னு இவியகிட்டச் சொல்லியிருக்கேன். கித்தேரி மாமாதான் ஞானத்தகப்பன். மாட்டேன்னா சொல்லுவாவ?"

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன். ஞானஸ்நானம் என்றதும் சொல்லவேண்டியதாயிற்று. பெட்டி, சாமியார், கல்லறை, சிலுவை, அதில் அவள் பெயர். எல்லாவற்றையும் சொன்னேன். தேதியையும் சொன்னேன்.

முடித்ததும் கேட்டாள். "மணி அடிச்சாவளா?"

"அடிச்சாங்க."

"சின்ன மணியா, பெரிய மணியா?"

"பெரிய மணிக்கா."

"ஆல்பர்ட்டுக்குச் சின்ன மணிதான் அடிச்சாவ" என்றாள். கொஞ்சம் கழித்து, "யாரெல்லாம் அழுதாவ?"

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்பவள்போல் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். சில பெயர்களை நான் விட்டபோது அவளே எடுத்துக்கொடுத்தாள். ஆமாம், அவர்களும் அழுதார்கள்.

"மாமா?"

"பெட்டியத் தூக்கவிடாம படுத்துக்கிட்டாங்க. நாலு பேரு புடிச்சு எழுப்புனாங்க."

அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சுவரோடு சாய்ந்து, சாவு விழுந்த துட்டிவீட்டில் உட்காரும் விதமாக, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். எந்த ஆறுதலைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறந்தவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்வதுதான் வழக்கம்.

இன்னாசி அண்ணன் கையில் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், அவளைப் பார்த்ததும் நின்றார்.

"என்னாச்சு? யாரு தவறிட்டா?"

"ஊர்ல ஒரு பிள்ள" என்றாள் சலேத், மூக்கைச் சிந்திக்கொண்டு. "இன்னைக்கு அடுப்புப் பத்தவைக்கக் கூடாது. கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வந்துருங்க. தம்பிக்கும் சேத்து."